செல்லாத சீட்டுகள்

ஜனவரி 6, திங்கள்

பூங்காக் கமிட்டிக்கு என்னைச் செயலாளராகப் போட்டுவிட்டார்கள். போட்டி எதுவும் இல்லை. யாருக்கும் வேண்டாத வேலையை ரிட்டயர்டு ஆனவன் தலையில் கட்டுவதுதான் எங்கள் குடியிருப்பின் வழக்கம். பொருளாளர், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஹார்டுவேர்ஸ் கடை வைத்திருக்கும் தாமோதரன்.

நகராட்சியிலிருந்து ஆக்னஸ் என்று ஒரு இன்ஜினியர் பெண் வந்திருந்தது. வயது முப்பது இருக்காது. பூங்காவைச் சீரமைக்க அனுமதி வந்துவிட்டதாம். மதில், விளக்கு, பெஞ்சு எல்லாம் எப்படியும் உண்டு. மேற்கு ஓரத்தில் காலியாகக் கிடக்கும் நிலப்பட்டையில் என்ன கட்டுவது என்பதை மட்டும் குடியிருப்புக்காரர்களே எழுதிக் கொடுத்து, கூட்டம் போட்டு முடிவு செய்ய வேண்டுமாம்.

எனக்கு யோசிக்க எதுவும் இல்லை. எட்டு வடிவ நடைபாதைதான். எட்டு போட்டு நடந்தால் சர்க்கரையும் முட்டிவலியும் குறைகிறது என்று ஊரே சொல்கிறது. எட்டு வடக்கு தெற்காகத்தான் கிடக்க வேண்டும். எங்கள் பூங்காவில் அப்படி நீளவாக்கில் காலியாக இருப்பது மேற்குப் பட்டை ஒன்றுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. கமிட்டியில் சொல்லவில்லை, இங்கே எழுதலாம். மனைவி மயிலாத்தாள் என்னோடு நடக்க வந்து மூன்று வருடமாகிறது. அதற்கு முன்னால் ஒரு நாள் விட்டதில்லை. பால்காரர்கூட எங்களைப் பார்த்துத்தான் மணி தெரிந்துகொள்வார். இப்போது கூப்பிட்டால், "சோலி கெடக்குதுங்க, நீங்க போய்ட்டு வாங்க" என்கிறாள். ஆனால் மொட்டை மாடியில் நான் சாக்பீஸால் போட்டுக் கொடுத்த எட்டில் தினமும் அரைமணி நேரம் நடக்கிறாள். நடுவில் இரண்டு தடவை கீழே போய்விட்டு வருகிறாள், அடுப்பைப் பார்க்கவாம். ஆக, அவளுக்கு எட்டு பிடித்திருக்கிறது. பூங்காவில் எட்டு வந்தால் அவளும் வந்துவிடுவாள். தனியாக நடப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

ஜனவரி 9, வியாழன்

பூங்கா வாசலில் கருத்துப்பெட்டி வைத்தாயிற்று. பெட்டியின் மேல் என் கையாலேயே விதிகள் எழுதி ஒட்டினேன். சீட்டில் பெயர், கதவு எண், கையெழுத்து கட்டாயம். எல்லாச் சீட்டுகளும் பொதுக்கூட்டத்தில் பெயரோடு உரக்கப் படிக்கப்படும். பெயரில்லாத சீட்டு செல்லாது.

ஆக்னஸ் படித்துப் பார்த்துவிட்டு, "சார், பேர் இல்லாட்டியும் கருத்து கருத்துதானே சார்" என்றது.

"நான் பத்திரப்பதிவு ஆபீஸ்ல முப்பத்து நாலு வருசம் இருந்தவனுங்க. கையெழுத்து இல்லாத பத்திரத்த நாங்க கையிலயே தொடமாட்டோம்" என்றேன்.

எதிர்வீட்டு வடிவு டீச்சரும் நின்றிருந்தார். அவர் ஆரம்பப் பள்ளியில் வேலை பார்ப்பவர். "பேரோட சத்தமாப் படிப்பீங்கன்னா, சில விசயத்த எழுத மாட்டாங்களே சார்" என்றார்.

"எழுத முடியாத விசயம் பார்க்குக்கு எதுக்குங்க டீச்சர்?"

நல்ல பதில் என்று தாமோதரன் அப்புறம் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஜனவரி 13, திங்கள்

போகி. ஒட்டடை அடித்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

மயிலாத்தாளுக்குப் பொங்கலுக்கு இளம் ரோஸ் நிறத்தில் சேலை எடுத்து வந்தேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லி பீரோவில் வைத்துவிட்டாள். இப்போதெல்லாம் கறுப்பு, காப்பிக்கலர் என்று இருட்டு நிறமாகத்தான் உடுத்துகிறாள். போர்வையைத் தினமும் துவைக்கிறாள். சுத்தம் அதிகமாகிவிட்டது. வயதானால் சிலருக்கு இப்படி ஆகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

ஜனவரி 17, வெள்ளி

பெட்டியைத் திறந்தேன். பதினொரு சீட்டு. எட்டுக்கு ஆறு, உடற்பயிற்சிக் கருவிக்கு இரண்டு, ஊஞ்சலுக்கு ஒன்று. எல்லாம் முறைப்படி பெயரோடு இருந்தன. மீதி இரண்டில் பெயர் இல்லை. இரண்டிலும் ஒரே விஷயம்: "லேடீஸ் பாத்ரூம் வேண்டும்."

அதில் ஒன்று தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதியது. கிழித்த தாளைச் சேர்த்து வைத்து மளிகை லிஸ்ட் எழுதும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. தினசரி காலண்டர் இல்லாத வீடு எது?

ஒரு பழுப்புக் கவரில் "செல்லாதவை" என்று எழுதி இரண்டையும் போட்டு வைத்தேன். ராத்திரிச் சாப்பாட்டின்போது மயிலாத்தாளிடம் சொன்னேன். "பேர் போடத் தைரியம் இல்லாதவங்களுக்குக் கோரிக்கை மட்டும் எதுக்கு?" என்றேன். "அப்பிடீங்களா" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனவள் திரும்பி வர நேரமாயிற்று. கல்லில் இருந்த தோசை தீய்ந்துவிட்டது.

ஜனவரி 20, திங்கள்

மோட்டார் ரிப்பேர். நாள் பூராவும் அதிலேயே போயிற்று.

பிப்ரவரி 2, ஞாயிறு

காங்கயத்தில் என் தங்கை மகன் கல்யாணம். மயிலாத்தாளைக் கெஞ்சிக் கூட்டிப் போனேன். நேற்று மத்தியானத்திலிருந்தே அவள் தண்ணீர் குடிக்கவில்லை. கேட்டால் தாகமில்லை என்கிறாள். பஸ்ஸில், "இன்னும் எத்தன நேரமுங்க?" என்று நாலு தடவை கேட்டாள். குழந்தைகூட அப்படிக் கேட்காது. எரிச்சலில் நான் ஒரு வார்த்தை சத்தமாகச் சொல்லிவிட்டேன். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

மண்டபத்தில் சொந்தக்காரர்களோடு முன்வரிசையில் உட்காரவில்லை. பின்னால், கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "அண்ணிக்கு எங்க மேல என்ன கோவமுங்ணா? போட்டோவுக்குக்கூட வர்ல" என்று தங்கை கண் கலங்கினாள். எனக்கு அவமானமாக இருந்தது.

பந்தி முடிந்து எழுந்தபோது மயிலாத்தாள் மயங்கிச் சாய்ந்தாள். மோர் கொடுத்தார்கள். பித்தம் என்றாள். பித்தமாகத்தான் இருக்கும்.

பிப்ரவரி 7, வெள்ளி

பெட்டியில் இதுவரை வந்தவை நாற்பத்தொன்று. எட்டுக்குப் பதினாறு. பெயரில்லாதவை பத்தொன்பது, எல்லாமே லேடீஸ் பாத்ரூம். ஒருவர் எழுதியிருக்கிறார்: "பேத்தியை விளையாடக் கூட்டி வருவேன். அவள் விளையாடி முடிக்கிறவரைக்கும் நான் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்." இன்னொருவர்: "பூங்காவைக் கூட்டுகிற அம்மா எங்கே போவார் என்று கமிட்டி யோசித்ததா?" யோசிக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் பெயர் இல்லையே.

ஆக்னஸ் வந்து வரைபடத்தை விரித்துக் காட்டியது. சாக்கடைக் குழாய் மேற்குப் பட்டைக்கு அடியில் மட்டும்தான் போகிறதாம். கழிப்பறை கட்டுவதென்றால் அங்கேதான் கட்ட முடியும். அப்படியானால் எட்டுக்கு இடம் இருக்காது.

தாமோதரன் எடுத்த எடுப்பிலேயே மறுத்துவிட்டார். "நாத்தம் தாங்க முடியாதுங்ணா. குடிகாரப் பசங்க உள்ள பூந்துக்குவானுங்க. அரை மணி நேரம் நடக்க வர்றவங்களுக்கு பாத்ரூம் எதுக்கு?" நானும் ஆமாம் என்றேன். ஆண்களுக்கு மதிலுக்குப் பின்னால் வாய்க்கால் கரை இருக்கிறது. அதனால் நாங்கள் யாரும் இதைப் பற்றிச் சீட்டு எழுதியதில்லை.

இன்றைக்கும் ஒரு காலண்டர் தாள் வந்திருக்கிறது. கவரில் போட்டேன்.

பிப்ரவரி 12, புதன்

மயிலாத்தாள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "ஏனுங்க, பேர் போட்டா படிச்சிருவீங்களா?"

"கண்டிப்பா."

"ஆரு பேரா இருந்தாலுமா?"

"கலெக்டர் சம்சாரமா இருந்தாலும் படிப்பேன். ரூல்ஸ்னா எல்லாத்துக்கும் ஒண்ணுதான்."

"எழுதியிருக்கறத அப்பிடியேவா? பாதில நிறுத்த மாட்டீங்களே?"

"ஒரு எழுத்து விடமாட்டேன்."

"செரீங்க" என்றாள். கீரையில் மண் அதிகம். மூன்று தண்ணீர் கழுவ வேண்டியிருந்தது.

பிப்ரவரி 16, ஞாயிறு

பெட்டியில் ஒன்பது. அதில் எட்டுச் சீட்டு செல்லாது. வாழைக்காய் வாங்கி வரச் சொன்னாள், மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத முடிகிறதா பார்க்கிறேன்.

சாயங்காலம் நாலு மணிக்குப் பூங்காவிலேயே சாமியானா போட்டுக் கூட்டம். தொண்ணூறு பேருக்குக் குறையாது. பெண்கள் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். மயிலாத்தாள் வரவில்லை. "நீங்க போய்ட்டு வாங்க" என்று வாசல்வரை வந்து சொன்னாள். வழக்கமாக அப்படி வாசலுக்கு வரமாட்டாள்.

பெயருள்ள சீட்டுகளை வரிசையாகப் படித்தேன். எட்டுக்கு ஒவ்வொரு சீட்டு படிக்கும்போதும் ஆண்கள் பக்கம் கைதட்டல். முடித்ததும், கடைசி வாரம் விழுந்த சீட்டுகளை எல்லோருக்கும் முன்னால் பெட்டியைத் திறந்து எடுத்தேன். யாரும் பின்னால் குறை சொல்லக்கூடாது என்று நானே வைத்த ஏற்பாடு. நாலு சீட்டு இருந்தது. முதல் இரண்டும் எட்டுக்கு. மூன்றாவதைப் பிரித்தேன். கோடு போட்ட முழுத்தாள். யாருடைய எழுத்து என்றுகூடப் பார்க்காமல் படித்துக்கொண்டே போனேன்.

"எனக்கு மூன்று வருடமாகச் சிறுநீரை அடக்க முடிவதில்லை. இருமினாலும் தும்மினாலும் சேலை நனைந்துவிடுகிறது. அதனால் கோயிலுக்குப் போவதில்லை. பஸ்ஸில் போவதென்றால் முதல் நாளே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவேன். பூங்காவில் ஒரு பாத்ரூம் இருந்தால்..."

அதற்குமேல் சத்தம் வரவில்லை. கண் கீழே ஓடிப் பெயரைப் பார்த்துவிட்டது.

மைக்கில் என் மூச்சு எனக்கே கேட்டது. தாமோதரன் பக்கத்தில் குனிந்து, "பேர் இல்லீங்களாண்ணா? ஓரமா வெச்சுட்டு அடுத்ததப் படிங்க" என்றார்.

இல்லை என்று தலையை ஆட்டியிருந்தால் போதும். கவரில் போய்ச் சேர்ந்திருக்கும். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆட்டத்தான் நினைத்தேன். இதையும் எழுதிவிடுகிறேன், ஆட்டத்தான் நினைத்தேன். ஊர் முழுக்க நாளைக்கு இதையே பேசும், என்னைப் பார்க்கிறவன் எல்லாம் இதை நினைப்பான் என்றுதான் முதலில் தோன்றியது. அவளைப் பற்றி இரண்டாவதாகத்தான் தோன்றியது. பாதியில் நிறுத்தமாட்டீர்களே என்று அவள் கேட்டதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"பேர் இருக்குதுங்க" என்றேன். விட்ட இடத்திலிருந்து படித்தேன். "பூங்காவில் ஒரு பாத்ரூம் இருந்தால் நான் என் வீட்டுக்காரரோடு நடக்க வருவேன். எனக்கு எட்டு வேண்டாம். மயிலாத்தாள், கதவு எண் நாற்பத்தேழு."

பிறகு, யாரும் கேட்காமலே, "என் சம்சாரமுங்க" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. வடிவு டீச்சர் எழுந்து மேசைக்கு வந்தார். "செல்லாத கவர் வெச்சிருக்கீங்கல்ல சார், அதக் குடுங்க" என்றார். கொடுத்தேன். சீட்டுகளை மேசைமேல் கொட்டி, ஒன்றைத் தேடி எடுத்து, என் பேனாவையே வாங்கி அதில் பெயரும் கதவு எண்ணும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். "இப்பச் செல்லுங்களா?" என்றார்.

"செல்லுங்க."

அடுத்து முப்பதாம் நம்பர் வீட்டம்மா வந்தார். அடுத்து தாமோதரனின் தாயார், தடியை ஊன்றிக்கொண்டு. பேத்தியை விளையாடக் கூட்டி வருபவர் அவர்தான். தாமோதரன் எழுந்து நின்றுவிட்டார். "அம்மா, நீயாம்மா?" என்றார். "ஆமாடா, பேனாவக் குடு" என்றார் அந்த அம்மா. அப்புறம் பேனாவுக்கு வரிசை நின்றது. பூங்காவைக் கூட்டும் அம்மாவுக்குக் கதவு எண் கிடையாது. என்ன எழுதுவது என்று கேட்டார். பெயர் போதும் என்றேன்.

கவரில் இருந்த இருபத்தேழில் ஆறு மேசையிலேயே மிஞ்சின. அதை எழுதியவர்கள் கூட்டத்துக்கு வரவில்லை. இரண்டு மணி நேரம் அவர்கள் எப்படி உட்கார்ந்திருப்பார்கள்? அந்த ஆறில் இரண்டு காலண்டர் தாள். அவை யாருடையவை என்று, பெட்டியிலிருந்து எடுத்த அன்றைக்கே எனக்குத் தெரியும். முப்பத்தாறு வருடமாக நான் அந்தக் கையெழுத்தில் மளிகை லிஸ்ட் வாங்கிக்கொண்டு கடைக்குப் போகிறவன். இத்தனை நாள் இந்த நோட்டில்கூட அதை எழுதவில்லை.

இரண்டிலும் அவள் பெயரை நானே எழுதினேன்.

ஆக்னஸ் கை தூக்கச் சொல்லி எண்ணியது. கழிப்பறைக்கு அறுபத்திரண்டு. அதில் ஒன்று என் கை.

வீட்டுக்கு வந்தபோது மயிலாத்தாள் தட்டு வைத்துக் காத்திருந்தாள். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. சத்தம் மைக்கில் வீட்டுக்கே கேட்டிருக்கும். உட்கார்ந்தேன். சாப்பிட முடியவில்லை.

"ஏன் மயிலா எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னனுங்க" என்றாள். "ரெண்டு தடவ. பேர் இல்லீன்னு ஒதுக்கி வெச்சுட்டீங்க."

பிப்ரவரி 24, திங்கள்

நடக்கப் போகவில்லை. போர்வையை நான் துவைத்தேன். வேண்டாம் என்று இழுத்தாள், கொடுக்கவில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

லேடி டாக்டரிடம் கூட்டிப் போனேன். பிரசவத்தில் தளர்ந்த தசை வயதானதும் இன்னும் தளர்ந்துவிட்டதாம். பத்துப் பெண்களில் மூன்று பேருக்கு இருக்கிறது, யாரும் வாய் திறப்பதில்லை என்றார். பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்கிறார், மாத்திரை எழுதியிருக்கிறார். ஆறு மாதத்தில் பெருமளவு குறையுமாம். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார்.

"எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டதற்கு மயிலாத்தாள், "மூணு வருசமாச்சுங்க" என்றாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "நீங்க வெளியூர்ல வேலையா இருந்தீங்களா?"

"இல்லீங்க. ஒரே வீட்லதான் இருந்தேன்" என்றேன்.

ஆகஸ்ட் 20, புதன்

கழிப்பறை கட்டி முடிந்து, நகராட்சி இன்றைக்கு ஒப்படைத்தது. நல்ல காற்றோட்டம், தண்ணீர்த்தொட்டி மேலேயே இருக்கிறது. ஆக்னஸ் நின்று கட்டியிருக்கிறது. அதற்கு மாற்றல் வந்துவிட்டதாம். போகும்போது, "தெறந்து வெச்சிருங்க சார், நெறைய எடத்துல கட்டிட்டுப் பூட்டிடறாங்க" என்றது.

சொல்லி வாய் மூடவில்லை, தாமோதரன் தன் கடையிலிருந்தே பெரிய பூட்டு ஒன்று கொண்டுவந்துவிட்டார். நல்ல எண்ணம்தான். தாயாருக்காகக் கட்டியதை யாரும் நாசம் செய்துவிடக்கூடாது என்று பயப்படுகிறார். கமிட்டி கூடித் தீர்மானம் போட்டது. எப்போதும் பூட்டியே இருக்க வேண்டும். சாவி செயலாளர் வீட்டில். தேவைப்படுகிறவர்கள் வந்து நோட்டில் பெயர், கதவு எண், நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கிப் போக வேண்டும். நான் ஒருவன் மட்டும் எதிர்த்தேன்.

"ரூல்ஸ்னு ஒண்ணு வேணுமில்லீங்களாண்ணா? நீங்க சொல்லிக் குடுத்ததுதானே" என்றார் தாமோதரன்.

தீர்மானத்தை நான்தான் மினிட்ஸ் நோட்டில் எழுதினேன். சாவியை வாங்கி ஆணியில் மாட்டினேன். மயிலாத்தாள் அதைப் பார்த்தாள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

இரண்டு நாளில் சாவி கேட்டு வந்தவர் ஒருவரும் இல்லை. வடிவு டீச்சர் தெருவில் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். நோட்டில் முதல் பக்கம் காலியாகவே கிடக்கிறது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலை ஐந்தரைக்கு, "வா, போகலாம்" என்றேன். மயிலாத்தாள் யோசித்தாள். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

பூங்காவுக்குப் போனதும் முதல் வேலையாகப் பூட்டைத் திறந்தேன். கழற்றிய பூட்டைத் திரும்ப மாட்டவில்லை. சாவி அதிலேயே இருக்க, அப்படியே மதிலுக்குப் பின்னால் போய் வாய்க்காலில் போட்டேன். தண்ணீர் விட்டிருக்கிறார்கள், நல்ல இழுப்பு. நான் எதிர்பார்த்ததைவிடச் சத்தம் குறைவாகத்தான் இருந்தது.

மயிலாத்தாள் ஏழு சுற்று நடந்தாள். ஐந்தாவது சுற்றிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. நடுவில் இரண்டு தடவை உள்ளே போய்விட்டு வந்தாள். இரண்டு தடவையும் அவளுடைய தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு நான் வெளியே நின்றேன். ஏழு மணிக்குள் இன்னும் நாலு பெண்கள் போய் வந்தார்கள். யாரும் எதையும் கேட்கவில்லை.

சாயங்காலம் மினிட்ஸ் நோட்டை எடுத்து எழுதினேன்: "கழிப்பறைப் பூட்டும் சாவியும் காணாமல் போய்விட்டன. பல இடங்களில் தேடியும் கிடைக்கவில்லை. மறு பூட்டு தேவையில்லை எனச் செயலாளர் கருதுகிறார்."

முப்பத்து நாலு வருட சர்வீஸில் பொய்யாக ஒரு வரி நான் பதிந்ததில்லை. இதுதான் முதல். எழுதி முடித்து, தப்பு இருக்கிறதா பார் என்று மயிலாத்தாளிடம் படித்துக் காட்டினேன்.

"செரியாத்தானுங்க இருக்குது" என்றாள்.